அறுகம்பையில் முதல் நாளே மெயின் பொயின்ட் வேண்டாம்

அலைச்சறுக்குப் பழக இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பையில் வந்து இறங்கியதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "மெயின் பொயின்ட் எந்தப் பக்கம்?" பலகையில் ஒருநாளும் நிற்காதவருக்கு அங்கே வேலையே இல்லை. குடாவின் தென்முனையைச் சுற்றி வரும் அந்த அலை பாறையும் பவளமும் கிடக்கிற தரையின் மேல்தான் உடைகிறது. விழுந்தால் கால் கிழியும். பழகுவதற்கு பேபி பொயின்ட் இருக்கிறது. பொத்துவில் தாண்டி வடக்கே விஸ்கி பொயின்ட், தெற்கே பீநட் ஃபார்ம். மூன்றும் மெயின் பொயின்டைவிட மென்மையான அலைகள்.

மே முதல் செப்டெம்பர் வரைதான் பருவம். அலை தெற்குப் பெருங்கடலிலிருந்து வருகிறது. தென்மேல் பருவக்காற்றோ இங்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசி, அலையின் முகத்தைக் குலையாமல் நிமிர்த்தி வைக்கிறது. வெயில் ஏறினால் காற்று கடலிலிருந்து தரைக்குத் திரும்பிவிடும், அலையும் கலங்கிவிடும். அதனால் காலை 6 மணிக்கே இறங்குங்கள். பத்து மணிக்குக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆறுதலாகப் போகிறவர்களுக்கு மிஞ்சுவது நுரைதான்.

புதியவருக்கு 6 அடிப் பலகையை வாடகைக்குக் கொடுப்பது, என்னைக் கேட்டால், ஏமாற்று. அது பாதி தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கும், கை ஓயும்வரை தண்ணீரைத் துடுப்புப்போல் வலித்தாலும் வேகம் எடுக்காது. 8 அடிக்குக் குறையாத, மேற்பரப்பு மெத்தென்று இருக்கும் பலகையைக் கேளுங்கள். காசு கொடுக்குமுன் பலகையின் அடியில் துடுப்புப்போல் நிற்கும் ஃபின்னை ஆட்டிப் பாருங்கள். பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறுதான் லீஷ், அதன் ஒட்டுப்பட்டையான வெல்க்ரோவில் மணல் அடைந்திருந்தால் பிடிக்காது. கயிற்றில் வெட்டு இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். லீஷை, பலகையில் நிற்கும்போது பின்னால் இருக்கும் காலில்தான் கட்ட வேண்டும்.

படுத்திருக்கையில் பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேலே மூன்று நான்கு விரலளவு நிற்க வேண்டும். முன்னே நகர்ந்தால் மூக்குக் குத்திக் கவிழும். பின்னே சரிந்தால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். இன்னொரு பிழை: அலை பலகையின் பின்பக்கத்தைத் தூக்குகிறது என்று தெரிந்த நொடியிலேயே கையை நிறுத்திவிடுவது. அங்கேதான் இன்னும் மூன்று தடவை பலமாக வலிக்க வேண்டும். எழும்போது விளிம்பைப் பிடிக்காதீர்கள், பலகை பக்கவாட்டில் புரளும். உள்ளங்கைகளை நெஞ்சுக்கு நேரே பலகையில் ஊன்றுங்கள்.

அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிகக் கிட்ட எழுந்தவருக்கே அந்த அலை. அவர் முன்னால் குறுக்கே இறங்கினால் ஏச்சு நிச்சயம், மோதலும் நடக்கலாம்.

பலகையை உங்களுக்கும் வருகிற அலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், முகத்தில் அடிக்கும். விழுவதென்றால் தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது முதலில் கை, பிறகு தலை.