பஸ் நின்றது சாட்சி இல்லையாம்

சபை கன்வென்ஷன் கூட்டத்தில் சாட்சி சொல்ல, அதாவது ஆண்டவர் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சொல்லி நன்றி சொல்ல எழுந்த ஒரு மாமியைப் பிரசங்கியார் கேலி செய்து உட்காரவைத்த வீடியோ எல்லார் கைக்கும் வந்திருக்கும். வராதவர்கள் என்னிடம் கேட்காதீர்கள், அனுப்ப மாட்டேன். எந்தச் சபை, எந்தப் பிரசங்கியார் என்றும் எழுதப் போவதில்லை. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரைக்கும் தெரியாதவர்கள் யாரும் இல்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ஒரு தம்பி, "விடுங்கண்ணே, அந்த மாமியே சிரிச்சிட்டுதானே உக்காந்தாங்க" என்றான். அங்கேதான் எனக்கு எரிச்சல் ஏறியது. வீடியோவை இன்னொரு தடவை பாரு தம்பி. மைக்கைக் கையிலிருந்து வாங்கியதும் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பு எப்படி இருக்கும் என்று முதல் வரிசையைப் பார், தெரியும்.

அவர் சொன்னது இவ்வளவுதான். அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை முடிய நேரமாகிவிட்டது, நல்ல மழை, போக வேண்டிய பஸ் போய்விட்டது, வீட்டில் பேரப்பிள்ளை தனியாக இருக்கிறது. படந்தாலுமூட்டில் நனைந்துகொண்டு நின்றபோது நாகர்கோவில் போகிற ஒரு கேரளா வண்டி, நிறுத்தத்தைத் தாண்டிப் போன பிறகும் நின்று ஏற்றிக்கொண்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அதற்குப் பிரசங்கியார் சொன்ன பதில்: "அம்மா, பஸ் நின்னதெல்லாம் சாட்சியா? அந்த டிரைவருக்கு கேரளா கவர்மென்ட் சம்பளம் குடுக்குது. நல்ல சாட்சி இருக்கிறவங்க வாங்க."

நல்ல சாட்சி! அடுத்து வந்தவருடைய சாட்சி என்ன தெரியுமா? மகனுக்குக் கனடா விசா கிடைத்தது. அதற்குக் கைதட்டல், ஆமென், அல்லேலூயா எல்லாம் உண்டு. எனக்கு ஒரு சந்தேகம். விசாவில் முத்திரை குத்தின அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பரலோகத்திலிருந்தா வருகிறது? அவருக்கும் ஒரு கவர்மென்ட்தானே கொடுக்கிறது. கவர்மென்ட் விசா கொடுத்தால் அற்புதம், கவர்மென்ட் பஸ் நின்றால் ஜோக். இந்தக் கணக்கை யாராவது எனக்குப் புரியவைத்தால் நன்றாக இருக்கும்.

பஸ் நின்றதற்கு நன்றி சொல்லக்கூடாது என்றால் எங்களைப் போன்றவர்கள் விசுவாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் வீடுகளில் செங்கடல் பிளப்பதில்லை. ரப்பர் விலை இறங்குகிறது, மழை பிடித்தால் பால் வெட்டு கிடையாது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். இதற்குள்தான் ஆண்டவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஞாயிறு தவறாமல் சபையே எழுந்து நின்று ஜெபிக்கிறோமே, அந்த ஜெபத்தில் கேட்பது என்ன? இன்றைக்குள்ள ஆகாரம். வீடு, கார், கனடா எதுவும் அதில் இல்லை. யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் வைத்து, ராத்திரி முழுக்க வலை போட்டு அலுத்துப்போனவர்களைச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறார். வலையில் இருந்த மீன் 153 என்று எண்ணிக்கைகூட எழுதி வைத்திருக்கிறது. அங்கே நம்ம பிரசங்கியார் இருந்திருந்தால் மீன் சுட்டதெல்லாம் சுவிசேஷமா என்று கேட்டிருப்பார்.

இதே மேடையில் வருஷா வருஷம் டாக்டர் சாமர்வெல் கதை சொல்வார்கள். 1924இல் எவரெஸ்டில் 28,000 அடி வரை ஏறியவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர் என்று. பிரசங்கிமாருக்கு மலை ரொம்பப் பிடிக்கும். ஆனால் நம்ம பாட்டிமாருக்கு எவரெஸ்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த சாமர்வெல் வயிற்றுப்புண் ஆபரேஷன் செய்த வெள்ளைக்கார டாக்டர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவன் வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றான் என்பதுதான் அவர்கள் சொன்ன சாட்சி. அந்த மனிதர் மலையில் நின்றது சில நாள், நெய்யூரில் கத்தி பிடித்தது பல வருஷம். எதற்காக வந்தார் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என்னைப் பெற்ற அம்மைக்கு நோய் வந்தபோது திருவனந்தபுரத்தில் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். இருட்டோடு களியக்காவிளையில் பஸ் பிடித்தால்தான் நேரத்துக்கு டோக்கன் எடுக்க முடியும். அங்கே மத்தியானம் ஆனால் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான டிஒய்எஃப்ஐ பையன்கள் பொதிச்சோறு கொடுப்பார்கள். வீடு வீடாகச் சொல்லி வைத்து வாங்கி வருகிற சோறு. யார் வீட்டு அடுப்பில் வெந்தது என்று தின்கிறவனுக்குத் தெரியாது. வாட்டின வாழையிலையைப் பிரித்தால் ஒரு மணம் வரும். சோறு, பயறு தோரன், தேங்காய்ச் சம்மந்தி, ஓரமாக எலுமிச்சை ஊறுகாய். ஒருநாள் எங்கள் பொதியில் முட்டை பொரித்தது மடித்து வைத்திருந்தது. அம்மைக்கு மருந்தின் குணத்தால் வாயில் எதுவும் பிடிக்காத நேரம். முட்டையை மட்டும் பிட்டுத் தின்றார்.

தின்பதற்கு முன்னால் கண்ணை மூடி நீளமாக ஜெபம். எனக்குப் பசி. "அம்மா, இது கட்சிக்காரன் சோறு, இதுக்குப் போய் இவ்வளவு நேரமா ஜெபம் பண்ணுவ" என்றேன். "கட்சிக்காரனுக்கும் சேத்துத்தான் பண்ணினேன், நீ தின்னு மக்களே" என்றார். அவ்வளவுதான். அதில் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்குத் தலை நிமிர்ந்து உட்கார முடிந்தது. அன்றைக்கு ஸ்கேன் ரிப்போர்ட் நன்றாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதையும் அற்புத சுகமளிக்கும் கூட்டக் கதையாக ஆக்கிவிடுவீர்கள்.

அந்த முட்டையை யார் வைத்தது? ஏதோ ஒரு சேச்சி. கர்த்தர் வைத்தார் என்று அம்மை சொன்னார். சேச்சியும் வைத்தார், கர்த்தரும் வைத்தார். எனக்கு இதில் எந்தச் சண்டையும் தெரியவில்லை. பிரசங்கியாருக்கு மட்டும் டிரைவர் வந்தால் கடவுள் இறங்கிப் போக வேண்டியிருக்கிறது.

இப்போது வருவார்கள். சபை விஷயத்தை முகநூலில் போடலாமா என்று. ஐயா, வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் சிரிக்கிற பொம்மை வைத்துச் சுற்றவிட்டது நானா? அதற்கெல்லாம் வராத வைராக்கியம் என் பதிவுக்கு வருகிறது. நேரமில்லாமல் அப்படிச் சொல்லிவிட்டார் என்பது இன்னொன்று. அதே ராத்திரி காணிக்கை எடுப்பதற்கு மட்டும் எவ்வளவு நேரம் பேசினார் என்பதும் வீடியோவில்தான் இருக்கிறது.

பகுத்தறிவு நண்பர் ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். மாமிக்காக பஸ்ஸை நிறுத்தின கடவுள், பஸ் கிடைக்காதவனை ஏன் விட்டார் என்று. கேட்கலாம். ஆனால் நண்பரே, மாமி அங்கே வேதசாஸ்திரப் பரீட்சை எழுத வரவில்லை, நன்றி சொல்ல வந்தார். உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்த மாமாவுக்கு நன்றி சொன்னீர்களே, வேலை கிடைக்காதவன் கதை என்ன என்று அப்போது கேட்டீர்களா? ஓகிப் புயலையும் இழுத்திருக்கிறார். 2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்தக் கரையே கடலைப் பார்த்து நின்றது. அது எங்களுக்கு மறந்துபோய்விட்டது என்றா நினைக்கிறார்? அந்தக் கரையில் இன்றைக்கும் கோயில் மணி அடிக்கிறது, ஆட்கள் போகிறார்கள். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றா போகிறார்கள்? விடிந்தால் எழுந்திருக்க வேண்டும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதற்குப் பலம் வேண்டும் என்று போகிறார்கள். அங்கே கடலிலிருந்து ஒருவன் திரும்பி வந்தாலே சாட்சிதான். நம்ம பிரசங்கியார் அங்கே போய், படகுக்கு டீசல் போட்டது யார் என்று ஜோக் அடித்துப் பார்க்கட்டும்.

அண்டியாபீஸ் கையை யாராவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? தோட்டுப் பால் பட்டு விரல் நுனி எல்லாம் கறுத்துப்போயிருக்கும், சில இடத்தில் வெந்த மாதிரி தோல் உரிந்திருக்கும். கோயிலுக்கு வருகிற அன்றைக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மாமி மைக்கைப் பிடித்த கை அந்தக் கை. அதே கைதான் தினமும் உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்துச் சபைக்கென்று வைத்த பிடியரிசிப் பானையில் போடுகிறது. அம்மையும் போட்டார், சாகும் வரைக்கும். ரேஷன் அரிசி வாங்கின மாதத்திலும் போட்டார். அந்த அரிசியை விற்ற காசு எந்தெந்தச் செலவுக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. மேடைக்கு எல்இடி திரை, பிரசங்கியாருக்கு ஏசி ரூம், போக வர கார். அந்தக் காரும் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், அதற்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அம்மை ஆயுசு முழுக்க அந்தச் சபையில் இருந்தார். ஒரு தடவைகூட மைக் அவர் கைக்குப் போனதில்லை. சொல்ல எதுவும் இல்லாமலா?

அடுத்த கன்வென்ஷனுக்கு நன்கொடை கேட்டுக் கமிட்டிக்காரர்கள் ரசீது புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார்கள். வரட்டும், சாயா போட்டுக் கொடுக்கிறேன், எல்லாரும் தெரிந்தவர்கள்தான். ஆனால் ரசீதில் பெயர் எழுதுவதற்கு முன்னால் சாட்சி நேரம் எவ்வளவு, மைக் யார் கையில் என்று கேட்பேன். அதைச் சொல்லிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.