கல்யாணமே அழித்த கையெழுத்து

'பிக் ஐஸ்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். 2014-இல் டிம் பர்ட்டன் எடுத்தது. பெரிய பெரிய கண்களோடு குழந்தைகளை வரைந்தவர் மார்கரெட் கீன். "நான் வரைந்தது" என்று ஊரெல்லாம் சொல்லி விற்றவர் அவர் கணவர் வால்டர்.

யார் வரைந்தது என்ற வழக்கில், 1986-இல் அமெரிக்காவின் ஹொனலூலு நீதிமன்றத்தில், இருவரும் இங்கேயே வரைந்து காட்டுங்கள் என்றார் நீதிபதி. தோள் வலி என்று வால்டர் நழுவிவிட்டார். மார்கரெட் 53 நிமிடத்தில் வரைந்து முடித்தார். எல்லோரும் கைதட்டும் காட்சி அது. எனக்கு உறுத்தியது வேறு. படங்களின் மூலையில் இருந்த கையெழுத்து வெறும் 'கீன்'. கணவரின் குடும்பப் பெயர். வால்டர் எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை, கல்யாணமே அந்த வேலையைச் செய்து வைத்திருந்தது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம் பழைய கடைப் பலகைகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் 'இன்னார் அண்ட் சன்ஸ்'. எங்கள் தாத்தா கடையும் அப்படித்தான். மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு, எந்த வாசம் வந்ததும் அடுப்பிலிருந்து இறக்குவது, எல்லாமே ஆயாவின், அதாவது எங்கள் பாட்டியின், கைப்பக்குவம். ஆட்கள் தேடி வந்ததே அதற்குத்தான். பில் புத்தகத்தில்கூட ஆயா பெயர் கிடையாது. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மாமியார் பெயரைச் சொல்லி ஒரு மசாலா விற்கிறார்களே, அதுவும் கேலிக்கு!

தென்னாப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டா 1939-இல் பதிவு செய்த, பின்னால் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று உலகமெல்லாம் ஓடிய 'ம்பூபே' பாட்டுக்குப் பத்து ஷில்லிங் கொடுத்து உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்றால் நம் ஆட்களுக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்க வேண்டியதுதான். அவர் மகள்களுக்கு 2006-இல்தான் ஓர் உடன்பாடு கிடைத்தது. ஆனால் அதே ஆட்களிடம் ஆயா கதையைச் சொன்னால், "குடும்பக் காசுதானே, யார் பேர்ல இருந்தா என்ன?" என்கிறார்கள். படத்தில் வால்டர் மனைவியைச் சமாளிப்பதும் கிட்டத்தட்ட இதே பேச்சில்தான்.

படத்தின் மேல் எனக்கு ஒரு குறை. வால்டராக நடித்த கிறிஸ்டோப் வால்ட்ஸ் அந்த மனிதனைக் கோமாளியாக்கிவிடுகிறார். சிரித்துவிட்டு எழுந்து போய்விடலாம். நிஜத்தில் இதைச் செய்பவர்கள் கோமாளிகள் இல்லை. எங்கள் தாத்தா தங்கமான மனுஷன், கோயில் காரியம் எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். மார்கரெட்டாக வரும் ஏமி ஆடம்ஸ் மட்டும் இல்லையென்றால் இந்தப் படம் வெறும் தமாஷாகப் போயிருக்கும்.

இன்னொன்று, ஜூரி மார்கரெட்டுக்குக் கொடுக்கச் சொன்ன 40 லட்சம் டாலரை மேல்முறையீட்டில் ரத்து செய்துவிட்டார்கள். அவருக்கு மிஞ்சியது பெயர்தான்.

சித்தப்பா மகன் இப்போது ஆயாவின் மசாலாவைப் பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கப்போகிறான். லேபிளில் தாத்தா படமாம். ஆயா பெயரைப் போடு என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். பெரியப்பாவுக்குக் கோபம். யார் பெயரில் இருந்தாலும் ஒன்றுதான் என்று சொன்னவரே அவர்தான்.