ஹாய்க்கு அப்புறம்?

முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் பேச வருவதில் எனக்கு வருத்தமே இல்லை. வந்தவர்கள் பேசுங்களேன்! வெறும் 'ஹாய்'. பதில் போட்டால் அரைமணி கழித்து 'ம்'. அடுத்து, 'வேற?' வேற என்றால், இதுவரை என்ன பேசிவிட்டோம்?

ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை வசதி 1988-இல் வந்தது. அந்தக் காலத்து அரட்டை அறைகளில் கேட்ட வயசென்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்ற விசாரணை இன்னும் ஓயவில்லை. மழை, பழைய பாட்டு, பூனை ஏன் டம்ளரைத் தள்ளிவிடுகிறது என்று எவ்வளவோ பேசலாமே! இல்லை, போட்டோ வேண்டுமாம். மறுத்தால் 'ரொம்பத்தான்' என்று பிளாக். கதவைத் தட்டியது யார்?

மூன்று புள்ளிகள் நெடுநேரம் துள்ளும். ஏதோ பெரிதாக வருகிறதென்று காத்திருந்தால், வருவது ஒற்றைக் கட்டைவிரல். அதற்கு என்னதான் பதில் சொல்வது?