கடையின் பின்னறையில் நடந்த வகுப்பு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் என்றதும் நமக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் குரல்தான் காதில் ஒலிக்கும். எனக்கு இப்போதெல்லாம் செப்டிமா கிளார்க் டீச்சர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்.

1898-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். அப்பா அடிமையாகப் பிறந்தவர், அம்மா துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். ஊரில் அரசுப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியர்களை எடுக்காததால், 18 வயதில் ஜான்ஸ் தீவுக்குப் போனார். அங்கே இரண்டு ஆசிரியைகளுக்கு 132 பிள்ளைகள். மாதச் சம்பளம் 35 டாலர். அதே தீவில் 3 வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவருக்கு 85 டாலர்!

1956-இல் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் அரசு ஊழியர்கள் இருக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. டீச்சர் விலக மறுத்தார். 40 வருட வேலை போனது, ஓய்வூதியமும் போனது. சேர்ந்து எதிர்ப்போம் என்று 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். அதிகாரியைப் பார்க்கப் போன அன்று கூட வந்தவர்கள் ஐந்து பேர். டீச்சர் வராதவர்களைத் திட்டவில்லை. தயார் செய்யாமல் கூப்பிட்டது தன் தவறு என்று எடுத்துக்கொண்டார். இந்த இடத்தில்தான் அவர் எனக்குப் பெரிய மனுஷியாகத் தெரிகிறார்.

அப்புறம் அவர் செய்ததெல்லாம் தயார் செய்யும் வேலைதான். ஓட்டுரிமைக்குப் பதிவு செய்ய மாநில அரசியல் சட்டத்தை வாசித்துக் காட்ட வேண்டிய காலம் அது. 1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில் ஒரு கடையின் பின்னறையில் பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கியது. வெள்ளையர் கண்ணில் படாமலிருக்க முன்பக்கம் மளிகைக் கடை. பாடம் எடுத்தவர் பெர்னிஸ் ராபின்சன், அழகு நிலையம் நடத்தியவர். ஆசிரியப் பயிற்சி இல்லாதவர்தான் வேண்டும் என்று டீச்சரே அவரைத் தேர்ந்தெடுத்தார். பெயரைக் கையெழுத்திடுவது, மணியார்டர் பாரம் நிரப்புவது, பிறகு அரசியல் சட்டம். இந்த வகுப்புகள் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவின.

எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காதீர்கள், அந்தந்த ஊரில் தலைவர்களை உருவாக்குங்கள் என்று கிங்குக்கே எழுதினார். அந்தக் கடிதத்தை வாசித்தபோது இயக்கத்து ஆட்கள் சிரித்தார்களாம். எனக்குக் கோபம்தான் வருகிறது. இயக்கத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது அந்த அம்மாவின் வகுப்புகள்தானே?

1976-இல் ஆளுநர் அந்தப் பணிநீக்கம் அநியாயம் என்று ஏற்று ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடுத்தார். டீச்சருக்கு அப்போது 78 வயது.