பதினாலு பாக்கி

மனைவி: என்னங்க, பால்கார அண்ணாச்சி வாசலில் நிற்கிறார். 14 பாக்கி என்றீர்களே, பணத்தை எடுங்கள்.

கணவர்: அண்ணாச்சியிடம் நான் எப்போது சொன்னேன்?

மனைவி: அவரிடம் எங்கே சொன்னீர்கள்? நேற்று ராத்திரி முழங்காலில் நின்று சொன்னீர்கள். "ஆண்டவரே, 14 பாக்கி நிற்கிறது, நாளைக்குள் எப்படியாவது தீர்த்துவிடுகிறேன்" என்று. அடுப்படி வரைக்கும் கேட்டது. பால் கணக்கிலும் சரியாக 14 நாள்தான் பாக்கி. இந்த மனுஷனுக்கு இப்போதாவது உறைத்ததே என்று நானே அவரை வரச் சொல்லிவிட்டேன்.

கணவர்: ஐயோ, அது அதிகாரம்! லேவியராகமத்தில் 14 அதிகாரம் பாக்கி.

மனைவி: யாரிடம் வாங்கின கடன்?

கணவர்: கடன் இல்லை, திட்டம். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரே வருடத்தில் முடித்துவிடலாம். ஐந்து வாரத்துக்கு 115 ஆகியிருக்க வேண்டும். நான் 101இல் நிற்கிறேன்.

மனைவி: அப்படி நிற்க வைக்கிற மாதிரி அங்கே என்ன இருக்கிறது?

கணவர்: லேவியராகமம் 11. எலி, ஓணான், பல்லி. எது தீட்டு, எது தீட்டில்லை. பல்லி மண்பாண்டத்துக்குள் விழுந்தால் பாண்டத்தையே உடைத்துவிட வேண்டுமாம்.

மனைவி: போன வாரம் சாம்பாரில் விழுந்தது. வசனம் பார்க்காமலே கொட்டினேன். எவர்சில்வர், உடையவில்லை. சரி, அதற்கு அடுத்தது?

கணவர்: 12 சின்னது, எட்டே வசனம். 13 முழுக்கத் தோல் வியாதி, 59 வசனம். அதைப் பார்த்துத்தான் மலைத்துப்போய் நிற்கிறேன்.

மனைவி: அண்ணாச்சியும் நிற்கிறார்.

கணவர்: 10 நிமிடம் பொறுக்கச் சொல். இது தியான நேரம். டைரியைப் பார், நீலம் அடித்திருக்கிறேன்.

மனைவி: பால் பாக்கிக்கு என்ன நிறம்?

கணவர்: அதற்கு நிறம் கிடையாது. நீலம் தியானம். மஞ்சள் வாக்குத்தத்தம். பச்சை ஸ்தோத்திரம். சிவப்பு பாவ அறிக்கை.

மனைவி: சிவப்புப் பேனாவில் கடைக்காரன் ஒட்டின விலைச்சீட்டுகூட இன்னும் உரியவில்லையே.

கணவர்: இப்போதுதானே பிப்ரவரி பிறந்திருக்கிறது.

(இதை எழுதுகிறவனுக்குப் பாளையங்கோட்டையில் அந்த வீட்டு அடுப்படியைப் பார்த்த ஜன்னல். அவருடைய டைரியை நான் பார்த்ததில்லை. ஆனால் 4:30, 4:40, 4:50 என்று அடிக்கிற மூன்று அலாரமும் எங்களுக்கும் சேர்த்துத்தான் அடிக்கின்றன. மூன்றுக்கும் அவர் எழுந்திருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கணவர்: நீ அலாரத்தைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. மாற்கு 1:35. இயேசுவே இருட்டோடே எழுந்து ஜெபம் பண்ணினார்.

மனைவி: எழுந்து எங்கே போனார்? அதே வசனத்தில் இருக்கிறது பாருங்கள், வனாந்தரமான ஓரிடத்துக்கு. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு "காபி ஆயிற்றா" என்று யாரையும் கூப்பிடவில்லை.

கணவர்: தானியேல் தினம் மூன்று வேளை ஜெபம் பண்ணினான். அவனுக்குக் கீழே 120 தேசாதிபதிகள். அவ்வளவு நிர்வாகத்துக்கு நடுவிலும் நேரம் தவறவில்லை. காரணம், ஒழுங்கு!

மனைவி: தானியேல் வீட்டில் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது?

கணவர்: அது வேதத்தில் இல்லை.

மனைவி: இங்கே 5 மணிக்கு வருகிறது. உங்கள் நீலமும் 5 மணிக்கு. 15 குடம் பிடித்து முடிக்கும்போது உங்கள் "ஆமென்" கேட்கும். ஒரு நாளாவது 14ஆவது குடத்தில் கேட்டிருக்கிறதா?

கணவர்: மார்த்தாளே, மார்த்தாளே...

மனைவி: வாருங்கள், அதற்குத்தான் காத்திருந்தேன். போன ஞாயிறு சபை ஐயர் அந்தப் பிரசங்கம் பண்ணினதிலிருந்து வீட்டில் தினம் இரண்டு தரம் "மார்த்தாளே". மரியாள் வேலையையெல்லாம் சகோதரி மார்த்தாளிடம் விட்டுவிட்டு இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்தாள், சரி. உட்கார்ந்த இடத்திலிருந்து "மார்த்தாள், தேங்காய்ச் சட்டினியா தக்காளிச் சட்டினியா" என்று கேட்டாளா?

கணவர்: ...

மனைவி: கேட்கவில்லை. நான் லூக்கா 10ஐத் திரும்பவும் வாசித்துப் பார்த்தேன்.

கணவர்: எப்போது வாசித்தாய்? உனக்கென்று ஒரு தியான நேரமே இல்லையே. வேண்டுமானால் அட்டவணையில் உனக்கும் ஒரு கட்டம் போட்டுத் தருகிறேன்.

மனைவி: அதை எந்த அடுப்புக்கு மேலே ஒட்டுவது? நான் அரிசி களையும்போது ஜெபம் பண்ணுகிறேன். எங்கள் அம்மா பண்ணின மாதிரி. உலையில் போடுவதற்கு முன்னால் காணிக்கைக்கு ஒரு பிடி எடுத்து வைப்பேன், அந்தப் பிடிக்கு ஒரு பெயர். நேற்று உங்கள் அம்மாவின் முழங்கால். அதற்கு முந்தின நாள் பெரியவனின் கணக்குப் பரீட்சை. குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் எதிர்வீட்டுக் குழந்தையின் காய்ச்சலும் முடிந்துவிடும்.

கணவர்: இதையெல்லாம் எங்கேயாவது குறித்து வைத்திருக்கிறாயா?

மனைவி: கேட்டவருக்கு ஞாபகம் இருக்கும்.

கணவர்: நான் சொல்வது ஒரு ஒழுங்குக்கு. ஒரு நிறமாவது கொடு.

மனைவி: கழனித்தண்ணி நிறம்.

கணவர்: உனக்குக் கிண்டலாக இருக்கிறது. என் செயலியைப் பார். ஒரு நாள்கூட விடாமல் 35 நாள் தொடர்.

மனைவி: 14 அதிகாரம் பாக்கி என்கிறீர்கள், ஒரு நாளும் விடவில்லை என்கிறீர்கள். இது எந்த ஊர்க் கணக்கு?

கணவர்: அதில் எந்த அதிகாரத்தை வாசித்தாலும் அன்றைய நாள் சேர்ந்துவிடும். அசந்து தூங்கிவிட்டால் 11:58க்கு எழுந்து 117ஆம் சங்கீதத்தைத் திறப்பேன். இரண்டே வசனம்.

மனைவி: போன வாரம் எத்தனை நாள் 117?

கணவர்: நாலு.

மனைவி: 119ஐ ஒரு நாள் திறக்கக் கூடாதா?

கணவர்: 176 வசனம்! அதற்கு அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

மனைவி: வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, இந்த வருடத்துக்கான வசனம் போட்டது, எங்கே? என்னுடையது அரிசி டிரம் மூடியில் ஒட்டியிருக்கிறது.

கணவர்: என்னுடையது பத்திரமாக இருக்கிறது. அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன்.

மனைவி: எங்கே?

கணவர்: லேவியராகமம் 11இல்.

மனைவி: பல்லிக்குப் பக்கத்திலா? அதற்குத்தான் மஞ்சள் அடித்தீர்களா?

(வாசலில் சைக்கிள் மணி. உள்ளே கைப்பேசி மணி.)

மனைவி: இது எதற்கு அடிக்கிறது? இன்னும் எலி ஓணான் ஏதாவது இருக்கிறதா?

கணவர்: அதைத் தொடாதே, கொடு இங்கே.

மனைவி: "6:40, மனைவிக்காக ஜெபம், 2 நிமிடம்."

கணவர்: பார்த்தாயா! நான் உன்னை மறக்கவே இல்லை.

மனைவி: கீழே "நிலுவை 35" என்று போட்டிருக்கிறதே.

கணவர்: அது... 6:40க்குக் குளிக்கப் போகிற அவசரம். தீர்த்துவிடலாம். தினம் மூன்று மூன்றாகச் சேர்த்துப் பண்ணினால் ஈஸ்டருக்குள் முடிந்துவிடும்.

மனைவி: இதற்கு என்ன நிறம்?

கணவர்: இதற்கு நிறம் போடவில்லை.

மனைவி: அப்போது நானும் பாலும் ஒரே கணக்கா?

கணவர்: மணிபர்ஸ் மேசைமேல்தான் இருக்கிறது, எடுத்துக் கொடுத்துவிடு.

மனைவி: திறந்து பார்த்தாயிற்று. உள்ளே ஒரு பச்சைப் பேனா இருக்கிறது. (வாசலைப் பார்த்து) அண்ணாச்சி, பணம் நாளைக்குத்தான் போல! கோபப்படாதீர்கள், உங்களுக்கு 14 நாள்தானே ஆகிறது. நான் 35 நாளாக வரிசையில் நிற்கிறேன்.