ஐஸ் தண்ணீர் குடித்தால் குடலில் கொழுப்பு உறையுமா?

"சாப்பிட்டதும் ஐஸ் தண்ணீர் குடித்தால் உணவிலுள்ள எண்ணெய் உறைந்து குடலில் படியும், புற்றுநோய் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. நோயாளிகளைத் தங்களையே நொந்துகொள்ள வைக்கும் செய்தி என்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த நீர் வயிற்றில் விரைவிலேயே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். அந்தச் சூட்டில் நெய்யே உருகும். நல்லெண்ணெய் எங்கே உறைவது?

சரி, கொஞ்சம் உறைந்ததாகவே வைத்துக்கொள்வோம். கொழுப்பு பெரும்பாலும் செரிப்பது சிறுகுடலில். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் அதை நுண்துளிகளாக உடைக்கும். கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் நொதி அவற்றைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்க, குடற்சுவர் உறிஞ்சிக்கொள்ளும். குடலின் உள்படலமும் சில நாட்களுக்கொருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கிறது.

ஐஸ் தண்ணீர் சிலருக்குத் தலைவலி தரும். அவர்கள் தவிர்க்கலாம்.