திக்குவாயை மறைப்பதுதான் பேச்சை முடக்குகிறது

கிண்டியில் பஸ் ஏறுகிறவர் தாம்பரத்தில் இறங்க வேண்டும். கண்டக்டரிடம் கேட்பதோ பெருங்களத்தூர் டிக்கெட். காசு கூடப் போனாலும் பரவாயில்லை, 'தா' வாயில் வராமல் நின்றுவிடுமோ என்ற பயம். ஓட்டலில் தோசை சாப்பிட ஆசை, வாய் கேட்பது இட்லி. வகுப்பில் விடை தெரியும், கை தூக்குவதில்லை. திக்கிப் பேசுகிறவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஏனென்றால் இவர்களில் பலர் அடுத்தவர் காதுபடத் திக்குவதே இல்லை. திக்க வாய்ப்புள்ள சொல் வருமுன்பே வேறு சொல்லுக்குத் தாவிவிடுகிறார்கள், அல்லது வாயை மூடிக்கொள்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திக்கிப் பேசும் பெரியவர்கள் 'எப்படித் திக்காமல் பேசுவது' என்ற கேள்வியை விட்டுவிட வேண்டும். 'சொல்ல நினைத்ததை, நினைத்த சொல்லிலேயே, திக்கியாவது எப்படிச் சொல்லி முடிப்பது' என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வி மாறினால்தான் பேச்சு மாறும். தைரியம் வந்த பிறகு வெளிப்படையாகப் பேசலாம் என்று காத்திருப்பவர்களுக்குத் தைரியம் வருவதில்லை. வெளிப்படையாகப் பேசப் பேசத்தான் அது வருகிறது.

முதலில் சில அடிப்படைகள். பெரியவர்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவர் திக்கிப் பேசுகிறார். குழந்தைகளில் 100க்கு 5 பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்கும். நான்கில் மூன்று குழந்தைகளுக்கு அது தானாகவே போய்விடுகிறது. பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற விகிதம். பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 2010இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டென்னிஸ் டிரேனாவின் குழு, பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஆய்வின் மூலம், திக்கலோடு தொடர்புள்ள மூன்று மரபணுக்களை அடையாளம் கண்டது. பேச்சசைவுகளின் நேரத்தை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. பயந்த சுபாவத்தாலோ, அப்பா கண்டிப்பானவராக இருந்ததாலோ, பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துப் பேசிக் காட்டியதாலோ வருவதில்லை. பயம் திக்கலைக் கூட்டும், ஆனால் உண்டாக்காது.

நாக்கிலும் குறை இல்லை. பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும், யாரும் இல்லாத அறையில் பேசும்போதும் பெரும்பாலோருக்குத் திக்கல் வருவதில்லை, அல்லது வெகுவாகக் குறைகிறது. நாக்குதான் காரணம் என்றால் பாட்டிலும் வந்திருக்க வேண்டும். எனவே நாக்கில் வசம்பு தேய்ப்பதும், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பத்திரிகை படிக்க வைப்பதும், நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்டச் சொல்வதும் குழந்தையை வதைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. 1841இல் பெர்லினில் டீஃபென்பாக் என்ற அறுவை மருத்துவர் திக்குகிறவர்களின் நாக்கின் வேர்ப்பகுதியையே வெட்டி வைத்தியம் செய்தார். அந்த வழி கைவிடப்பட்டுப் பல காலமாகிறது. நம் வீடுகளில் மட்டும் இன்னும் நாக்கைத்தான் பழி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மறைப்பது ஏன் இவ்வளவு கெடுதல் என்று புரிந்துகொள்வது முக்கியம். ஒருவர் 'த'வில் மாட்டிக்கொள்கிறார். தற்செயலாகக் காலைத் தரையில் தட்டுகிறார், சொல் வெளியே வந்துவிடுகிறது. அந்த நிம்மதி பெரியது. அடுத்த முறையும் தட்டுகிறார். சில வாரங்களில் தட்டுவதன் பலன் போய்விடும், பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு கண்ணை இறுக மூடுவது, தலையை வெடுக்கென்று ஆட்டுவது, 'வந்து... என்னன்னா... அதாவது' என்று முன்னால் சொல்லடுக்குவது. பார்ப்பவர்கள் இந்த மொத்தத்தையும் சேர்த்துத்தான் திக்குவாய் என்கிறார்கள். உண்மையில் அதில் பாதிக்கு மேல் திக்கலை மறைக்கச் செய்த முயற்சிகளின் குவியல். ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் திக்கலைப் பனிப்பாறை என்றார்: காதில் விழுவது மேலே தெரியும் சிறு நுனி, வெட்கமும் பயமும் தவிர்த்தலும் நீருக்கடியில் கிடக்கும் பெரும்பகுதி. அவரே திக்கிப் பேசியவர்தான்.

ஆகவே முதல் வேலை, ஒரு சிறு நோட்டு. அன்றன்று எத்தனை சொல்லை மாற்றினோம், எந்தப் போனை எடுக்காமல் விட்டோம், எங்கே பேச நினைத்துப் பேசாமல் வந்தோம் என்று இரவில் ஐந்து நிமிடம் எழுதுவது. எத்தனை முறை திக்கினோம் என்று எண்ணக் கூடாது. அதை எண்ணினால் திக்காமல் இருக்கத்தான் மனம் ஓடும், தவிர்த்தல் கூடும். மாற்றிய சொற்களை எண்ணினால் அது குறையும். 'தோசை'யைத் திக்கித் திக்கிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நாள் நல்ல நாள். சரளமாக இட்லி கேட்ட நாள் அல்ல.

இரண்டாவது, சொல்லிவிடுவது. புதிய ஆளிடம், நேர்காணலில், வைவாவில், பெண் பார்க்கப் போன வீட்டில், பேச்சின் முதல் அரை நிமிடத்துக்குள்: "எனக்குத் திக்குவாய் உண்டு. சில வார்த்தைக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நான் சொன்னது புரியலைன்னா தயங்காமக் கேளுங்க." அவ்வளவுதான். இதில் 'மன்னிச்சுக்கோங்க' இல்லை என்பதைக் கவனியுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கோர்ட்னி பேர்ட் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வுகளில், திக்கலை முன்கூட்டியே தெரிவித்தவர்களைக் கேட்பவர்கள் கூடுதல் மதிப்போடு பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, நன்றாகத் திக்கித் தவித்த பிறகு கடைசியில் சொல்வது. அதற்குள் எதிரில் இருப்பவர் பதற்றம், பொய், தயாரிப்பின்மை என்று ஏதோ ஒன்றை முடிவு கட்டியிருப்பார். தனக்கும் அதுவரை ஒளித்துவைத்த சுமை குறைந்திருக்காது. இன்னொரு தவறு, அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து ஒரே மூச்சில் ஒப்பிப்பது. அந்த வாக்கியத்திலேயே திக்கினால் நல்லது. சொன்னதற்குச் சாட்சியாகிவிடும்.

மூன்றாவதுதான் பலருக்கும் விபரீதமாகப் படும்: வேண்டுமென்றே திக்குவது. பயமில்லாத ஒரு சொல்லில், அவசரமில்லாமல், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தபடி, 'ப-ப-ப-பழனிக்கு ஒரு டிக்கெட்' என்று இளக்கமாக மூன்று நான்கு முறை, அல்லது 'ம்ம்ம்மதுரை' என்று இழுத்து. இதனால் என்ன லாபம்? எதற்குப் பயந்து ஒளிந்தோமோ அதையே நம் கையால் எடுத்து வெளியே வைக்கிறோம். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது தொண்டை இறுகுவது குறைகிறது. நாளுக்கு ஐந்தாறு முறை, முன்பின் தெரியாதவர்களிடம் வழி கேட்டு, விலை கேட்டுத் தொடங்கலாம். கவனம் இரண்டு விஷயத்தில் வேண்டும். முகத்தைச் சுளித்து நடிக்கக் கூடாது. செயற்கையாகத் தொடங்கியது நிஜமான அடைப்பாக, அதாவது சொல் வெளியே வராமல் இறுகி நிற்பதாக மாறிக் கைமீறிப் போனால் பயந்து நிறுத்தவும் கூடாது. அங்கேயே கொஞ்சம் நின்று, இறுக்கத்தைத் தளர்த்தி, முடித்துவிட்டு நகர வேண்டும்.

நிஜமான அடைப்பைக் கையாள்வதற்கு, அமெரிக்கப் பேச்சு சிகிச்சை நிபுணர் சார்லஸ் வான் ரைப்பர் (1905-1994) வகுத்த மூன்று படிகளை இன்றும் தெரபிஸ்டுகள் சொல்லித் தருகிறார்கள். இவரும் கடுமையாகத் திக்கியவர். முதல் படி கேன்சலேஷன். திக்கிய சொல்லை எப்படியாவது முடித்துவிடுங்கள். பிறகு முழுதாக நிறுத்துங்கள், மூன்று விநாடி. அந்த நேரத்தில் எங்கே இறுகியது என்று உணருங்கள்: உதடா, நாக்கின் நுனியா, தொண்டையா? பிறகு அதே சொல்லை மெதுவாக, அந்த இடத்தைத் தளர்த்திச் சொல்லுங்கள். திக்காமல் சொல்வது இங்கே குறியல்ல, இளக்கமாகத் திக்குவதுதான் குறி. இது கைவந்த பிறகு இரண்டாம் படி: அடைப்பின் நடுவிலேயே பின்வாங்காமல் நின்று, இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளியே வருவது. மூன்றாவது, பயமான சொல் வருவது தெரிந்தால் முன்கூட்டியே அதை இளக்கமாகத் தொடங்குவது. நிறையப் பேர் மூன்றாம் படியிலிருந்து தொடங்கி ஒரு மாதத்தில் கைவிடுகிறார்கள். அடைப்புக்குள் நிற்கப் பழகாதவரால் அடைப்புக்கு முன்னால் தளர முடியாது.

தமிழ் எழுத்துகளை வைத்துச் சொன்னால், ம, ந, ல, வ ஆகியவற்றை நீட்டலாம், அதனால் இவற்றில் இழுத்து வெளிவருவது எளிது. க, ட, த, ப நீளாது. 'ப'வுக்கு உதடுகள் ஒன்றையொன்று அழுத்தாமல் தொட்டு விலக வேண்டும். 'த'வுக்கு நாக்கு நுனி பல்லில் பட்டும் படாமல். 'க'வுக்கு நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தில் லேசாக. அ, இ, உ போன்ற உயிரெழுத்தில் அடைப்பவர்களுக்குத் தொண்டையில்தான் பூட்டு. கொஞ்சம் காற்றை வெளியே விட்டபடி குரலைத் தொடங்கினால் திறக்கும். ஆனால் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு தொடங்குவது நேர் எதிர்ப் பலன் தரும், பூட்டு இன்னும் இறுகும்.

சொந்தப் பெயர்தான் பலருக்கும் கடினம், காரணம் அதற்கு மாற்றுச் சொல் கிடையாது. பெயரைக் கேட்டதும் பட்டென்று சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. தாமதித்தால் 'பேரே மறந்துடுச்சா?' என்று சிரிப்பார்கள். பெயரைச் சொல்வதைத் தனியாகப் பயிற்சி செய்யலாம், அதுவும் ஆள் முன்னால். கண்ணாடி முன் நூறு முறை சரளமாகச் சொன்னதால் கடையில் ஒரு பயனும் இராது, ஏனென்றால் தனியறையில் அனேகமாக யாருமே திக்குவதில்லை.

போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நேரில் வாய் அசைவது தெரியும், போனில் அமைதி மட்டும்தான் கேட்கும். எதிர்முனையில் 'ஹலோ, ஹலோ' என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ பெயரும் பிறந்த தேதியும் கேட்டுச் சரிபார்க்கும்போது தயங்கினால் சந்தேகம் வரும். எனவே இங்கே முன்கூட்டிச் சொல்வது கட்டாயம்: "நான் திக்கிப் பேசுவேன், லைன் கட் ஆகல, வச்சிடாதீங்க." அமைதியாக முட்டிக்கொண்டிருப்பதைவிட முதல் எழுத்தைக் குரலோடு இழுப்பது மேல், ஆள் இருப்பது தெரியும். பயிற்சிக்கு, கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேட்கும் சின்னப் போன்களே போதும். பயத்தைப் பத்துக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, மூன்று நான்கில் உள்ளவற்றில் தொடங்குங்கள். பயம் பாதியாகக் குறையும்வரை அதிலேயே இருந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். எடுத்த எடுப்பில் மேடைப்பேச்சுக்குப் போய் அடிபட்டுத் திரும்புகிறவர்கள் அதிகம்.

கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். 'மெதுவாப் பேசு', 'பதறாத' என்று சொல்லாதீர்கள், அவர் பதறவில்லை. வழக்கம்போல் முகத்தைப் பாருங்கள், காத்திருங்கள், அவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகைப்பதிவில் 'உள்ளேன் ஐயா' வராத பிள்ளைக்குக் கை தூக்கினால் போதும் என்று வகுப்பு முழுமைக்கும் பொதுவாக அறிவியுங்கள். பாடம் வாசிப்பதை இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வாசிக்க வைத்தால் அந்தக் குழந்தையும் வாசிக்கும். ஆனால் அதைக் கேட்காமலேயே பேச்சுப்போட்டியிலிருந்து விலக்கிவிடாதீர்கள். விலக்குவது கருணை போலத் தெரியும், பிள்ளைக்கு அது 'நீ பேசாதே' என்றுதான் கேட்கும். பெற்றோரும் குழந்தையிடம் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பதை நல்லது என்று நினைக்கிறார்கள். வீட்டில் யாரும் பேசாத ஒன்றை வெட்கப்பட வேண்டிய ஒன்றாகத்தான் குழந்தை எடுத்துக்கொள்ளும். 'சில வார்த்தை உனக்கு முட்டிக்கிட்டு வருது, பரவாயில்ல, சொல்லி முடி' என்று சாதாரணமாகச் சொல்லலாம். திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, குழந்தை முகத்தை இறுக்கித் தவித்தாலோ தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். பள்ளி வயதுக்கு முன்பு தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

எங்கே போவது? மைசூருவில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்தால் பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று சொல்வார்கள். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். திக்கிப் பேசுகிறவர்களே நடத்தும் டிசா என்ற இந்தியத் திக்குவாய்ச் சங்கம் 2008 முதல் இயங்குகிறது. அதன் சுயஉதவிக் கூட்டங்களில் நேரிலும் இணையத்திலும் சேரலாம். தன்னைப் போல் திக்குகிற இன்னொருவரை 30 வயதுவரை நேரில் பார்த்தே இராதவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தக் கூட்டமே பாதி மருந்து.

பயிற்சியாளரிடம் முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள். 'எத்தனை நாளில் முழுசா சரியாகும்?' பத்து நாள், ஒரு மாதம் என்று உத்தரவாதம் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெரியவர்களுக்குத் திக்கலை அடியோடு போக்கும் மருந்தோ முறையோ கிடையாது. அறைக்குள் கற்ற சரளம் சில மாதங்களில் வடிந்துபோவது மிகவும் சாதாரணம். அடுத்து, 'என்கூட வெளியே கடைக்கு வந்து, நீங்களும் வேண்டுமென்றே திக்கிக் காட்டுவீங்களா?' வருகிறேன் என்று சொல்கிறவரிடம் பணம் கட்டலாம்.